எங்கள் பெயர் எங்கே போனது என்று மாரியம்மனிடம் கேட்டேன்

நம் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் இருக்கும் மகேஸ்வரி சொல்லிக்கொள்வது. நம் கோயில் வெள்ளிக்கிழமை பஜனையில் பின்னால் உட்கார்ந்து தாளத்தைத் தப்பித் தப்பித் தட்டுகிறவள் என்றால் எல்லோருக்கும் தெரியும். எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அதில் பாதி எனக்கே இன்னும் புரியவில்லை. புரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் நான் சாகும்வரை சொல்ல மாட்டேன். அதனால் குழப்பத்தோடேயே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஐப்பசி மாதத்தில் இறந்தார். மழை விட்டிருந்த ஒரு காலையில் கவ்வாத்து மலைக்குப் போனார். தேயிலைச் செடியை வெட்டும்போது அடியில் இருந்த குளவிக்கூட்டில் கத்தி பட்டுவிட்டது. கூட இருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். அவர் கால் இடறி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. காலையில் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, "வெறகு நனையாம உள்ளுக்கு எடுத்து வையி புள்ள" என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன். அந்த விறகை நான் எடுத்து வைக்கவே இல்லை.

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் தர்ஷினி அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கவிஷா. பக்கத்துக் காம்பராவில் என் கொழுந்தன் சிவனுவும் அவன் மனைவி புவனாவும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்று குரல் வரும்.

இழவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும்வரை உலை ஏற்றக்கூடாது என்பது எங்கள் லயத்து வழக்கம். அதனால் அந்த நாட்களெல்லாம் புவனாதான் எங்களுக்குச் சோறு போட்டாள். நான் மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தேன். யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் என்ன கேட்டார்கள், எதுவும் எனக்கு நினைவில் இல்லை. புவனா சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்து, "அக்கா, புள்ளைங்களுக்காகவாவது ரெண்டு வாய் தின்னுங்க" என்றது மட்டும் நினைவிருக்கிறது. கருமாதி முடிந்த மறுநாள் நான் என் அடுப்பை மெழுகி, என் உலையை ஏற்றினேன். அதில் போட அரிசிதான் குறைவாக இருந்தது.

இரண்டு பேர் உழைத்துக் கொண்டுவந்த வீட்டில் ஒருத்தி மட்டும் மிச்சம். தோட்டத்திலும் வாரம் முழுக்க வேலை கொடுக்கவில்லை. கொழுந்து இல்லை என்றார்கள், மழை என்றார்கள், பிறகு வெயில் என்றார்கள். காலையில் வெறும் தேத்தண்ணீர், பகலுக்கு ரொட்டி, ராத்திரிக்குக் கொஞ்சம் சோறு. சின்னவள் தன் கோப்பையையும் பார்ப்பாள், அக்காவின் கோப்பையையும் பார்ப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் வயிறு நிறையச் சாப்பிடுவாள்?

மாசி மாதம் அரசாங்கத்தின் உலர் உணவு நிவாரணம் கிடைக்கிறவர்களின் பெயர்களை ஒட்டியிருக்கிறார்கள் என்று காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் சொன்னார்கள். அரிசி, பருப்பு, மா, சீனி, நெத்தலி எல்லாம் ஒரு குடும்பத்துக்கு ஒரு பொதி. நானும் ஓடினேன். சிவனுவின் பெயர் இருந்தது. எங்கள் லயத்தில் அநேகமாக எல்லோருடைய பெயரும் இருந்தது. என் பெயர் இல்லை. நான் மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன், தர்ஷினியையும் பார்க்கச் சொன்னேன். இல்லையென்றால் இல்லை.

சரி, விடுபட்டிருக்கும், புதிதாக விண்ணப்பித்தால் போச்சு என்று டவுனில் இருக்கும் பிரதேச செயலகத்துக்குப் போனேன். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். மேசையில் இருந்த தம்பி என் அடையாள அட்டையை வாங்கி, கம்பியூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "நம தியெனவா" என்றார். பெயர் இருக்கிறது என்கிறார்! எனக்கு உயிரே வந்தது. "அப்ப பொதி எப்ப தருவீங்க தம்பி?" என்று கேட்டேன். அவருக்குத் தமிழ் அரைகுறை. "நீங்க எடுக்கிறதுதானே? இந்த மாசம் எடுத்தது" என்றார்.

நான் எடுத்தேனாம்! "நான் எடுத்திருந்தா இப்புடி எலும்பா நின்னுக்கிட்டு இருப்பேனா? தின்னது யாரு, பேயா?" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தத் தம்பி பாவம், எரிச்சலோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பெயர் இருப்பவளுக்குப் பொதி இல்லை, பொதி வாங்காதவள் வாங்கிவிட்டாள். பஸ்ஸில் வரும்போது இதையே திருப்பித் திருப்பி நினைத்து, இறங்க வேண்டிய சந்தியில் இறங்காமல் நோர்வூட் வரைக்கும் போய்விட்டேன்.

லயத்துக்கு வந்து சொன்னால், ஆளுக்கொரு விளக்கம். வீட்டில் டிவி இருப்பதால் வெட்டிவிட்டார்கள் என்றார் ஒருவர். அந்த டிவியில் படம் வந்தே வருஷக்கணக்கு ஆகிறது. என் வீட்டுக்காரர் இறந்த சான்றிதழ் போய்ச் சேரவில்லை என்றார் இன்னொருவர். சேவைக்காலப் பணம் வரப்போகிறது என்று நினைத்திருப்பார்கள் என்றார் வேறொருவர். அவரவர் சொல்லும்போது அவரவர் சொல்வது சரியாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் கேட்ட பிறகுதான் ஒன்றுமே விளங்கவில்லை.

மேன்முறையீடு செய்யலாம் என்று கிராம சேவகர் ஐயா சொன்னார். செய்தேன். பங்குனி போனது, சித்திரை போனது. ஆடி மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே தமிழ் பேசும் ஒரு ஐயா இருந்தார். அவர்தான் முதல் முதலாக விஷயத்தைச் சொன்னார்.

"அம்மா, நீங்களும் உங்க ரெண்டு புள்ளைகளும் சிவனுங்கிறவரு குடும்பத்துல சேர்ந்திருக்கீங்க. கணக்கெடுக்க வந்தப்ப ஒரே சட்டியில சாப்பிடுறதா பதிஞ்சிருக்கு. ஒரே சட்டின்னா ஒரே குடும்பம். ஒரே குடும்பத்துக்கு ஒரு பொதிதான்."

"நாங்க தனித்தனி அடுப்புங்க ஐயா. கல்யாணம் கட்டி வந்த நாள்ல இருந்து தனி அடுப்பு."

"அப்ப ஏன் அப்புடிச் சொன்னீங்க?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை. நான் ஏன் அப்படிச் சொன்னேன்? நான்தான் சொன்னேனா? வீட்டுக்கு வந்து சிவனுவைக் கேட்டேன். அவன் முகம் கறுத்துவிட்டது. "சத்தியமா நான் சொல்லல அண்ணி. எங்க வீட்டுல எத்தன பேருன்னு கேட்டாங்க. நாலு பேருன்னுதான் சொன்னேன்" என்றான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் லயத்து வாய் சும்மா இருக்குமா? அண்ணன் குடும்பத்தையும் சேர்த்துப் பதிந்து சாப்பிடுகிறான் என்று பேசினார்கள். புவனா குழாயடியில் அதைக் கேட்டுவிட்டு வந்து அழுதாள். நான் வாசலில் நின்று, "எவளுக்கு எங்க வீட்டுக் கதை வேணும், முன்னால வாங்கடி" என்று ஒரு சத்தம் போட்டேன். யாரும் வரவில்லை. அதனால் குழப்பம் தீர்ந்துவிடுமா?

அந்த ஐயா இன்னொன்றும் சொல்லியிருந்தார். வீட்டைப் பார்க்க ஆள் வருவார்களாம். என்றைக்கு என்று சொல்ல மாட்டார்களாம். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் தனித்தனியாக அடுப்பு எரிய வேண்டும், தனித்தனியாகச் சாப்பிட வேண்டும். அவர்கள் வீட்டுச் சாப்பாடு என் வீட்டில் இருந்தால் என் முறையீடு தள்ளுபடிதான்.

இங்கேதான் எனக்கு மூளையே கலங்கிப் போனது. நிவாரணம் இல்லாததால்தான் புவனா எனக்குக் கொடுக்கிறாள். அவளுக்குக் கிடைக்கிற பொதியில் அரிசியையும் பருப்பையும் அளந்து, பாதியைச் சுவருக்கு மேலால் நீட்டிவிடுவாள். அவள் கொடுப்பதை நான் வாங்கினால் நாங்கள் ஒரே சட்டி, எனக்கு நிவாரணம் இல்லை. நிவாரணம் இல்லையென்றால் அவள் கொடுக்க வேண்டும். இதில் எந்த நுனியைப் பிடித்து இழுப்பது?

புவனாவிடம் சொன்னேன். "இனிமே எனக்கு ஒண்ணும் குடுக்காத புவனா. ஆள் வந்து பார்த்துட்டுப் போற வரைக்கும்."

"ஒரு கொழம்பு கூடவா குடுக்கக்கூடாது? நல்லாயிருக்கே நாயம்! என் புள்ளைங்க இந்தப் பக்கம் திங்க, ஒங்க புள்ளைங்க அந்தப் பக்கம் மோந்து பார்க்கணுமாக்கும்!"

"கொஞ்ச நாளைக்குத்தான்."

"நீங்க மனசுல கல்ல வச்சுக்கிட்டுப் பேசுறீங்க அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு அவள் கரண்டி சட்டியில் படும் சத்தம்கூட வரவில்லை. எங்களுக்குக் கேட்கக்கூடாது என்று சத்தம் போடாமல் சமைத்தாள். வாசத்தை என்ன செய்வாள்? நெத்தலி வதக்கும் வாசம் சுவருக்கு மேலால் வரும். கவிஷா ஒன்றும் கேட்க மாட்டாள். எழுந்து சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த நாட்களில்தான் தர்ஷினி குண்டைத் தூக்கிப் போட்டாள். "அம்மா, நான் கொழும்புக்குப் போறேன். கீழ் லயத்து ராணி மாமி துணிக்கடையில சேர்த்து விடுறாங்களாம். தங்கச்சி சாப்பிடணும்லம்மா." பரீட்சைக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. படிக்கிற பிள்ளை. அவளுடைய அப்பா கூலி வேலைக்குப் போனவர்தான், ஆனால் அவள் புத்தகத்துக்கு அட்டை போடுவது அவர் கையால்தான். நான் அடிக்கப் போனேன். அடிக்க முடியவில்லை, கட்டிக்கொண்டு அழுதேன். "அப்பா தெவசம் முடியட்டும்டி, பொறவு பார்க்கலாம்" என்றேன். ராணியும், "திவசம் முடிஞ்ச மறுநாள் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குள் ஆள் வர வேண்டும். பெயர் வர வேண்டும். இல்லையென்றால் என் பிள்ளை போய்விடுவாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஜனைக்கு முன்பே கோயிலுக்குப் போனேன். பூசாரி ஐயா விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் ஆத்தா முன்னால் நின்றேன். எனக்கு அழகாக வேண்டத் தெரியாது. சண்டை போடத்தான் தெரியும்.

"கண்ணத் தொறந்துக்கிட்டுதான ஒக்காந்திருக்க? ஒனக்குத் தெரியாமயா இதெல்லாம் நடக்குது? நான் பொதி கேக்கல ஆத்தா. எங்க பேரு எப்புடி அங்க போச்சுன்னு மட்டும் எனக்கு வெளங்க வையி. கூழ் ஊத்துறேன்னு நேர மாட்டேன், கூழுக்கே இங்க வழியில்ல. தீ மிதிக்கிறேன்னும் சொல்ல மாட்டேன். நீ செஞ்சா, ஊருக்கு முன்னால நீதான் செஞ்சன்னு சொல்லுவேன். அதுதான் என்கிட்ட இருக்கு."

பூசாரி ஐயா சிரிக்கவில்லை. "மகேசு, பூக்கேட்டுப் பாரேன்" என்றார். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து ஆத்தா காலடியில் போட்டார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். பிரித்தால் வெள்ளை.

"வெள்ளைக்கு என்ன நெனச்சுக்கிட்ட?" என்று கேட்டார்.

நான் திருதிருவென்று முழித்தேன். வெள்ளை வந்தால் கிடைக்கும் என்று நினைத்தேனா, சிவப்பு வந்தால் கிடைக்கும் என்று நினைத்தேனா? எடுக்கிற அவசரத்தில் நினைக்கவே மறந்துவிட்டேன் போலிருக்கிறது. "தெரியலைங்க" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த வெள்ளைப் பூவை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். சாமி பதில் சொல்லியும் கேள்வி என்னவென்று தெரியாத ஒரே ஆள் இந்தத் தோட்டத்தில் நான்தான்.

புரட்டாசி முழுவதும் ஒருவரும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் மலைக்குப் போகுமுன் அடுப்பை மூட்டி வைத்துவிட்டுப் போவேன். பகலில் ஓடிவந்து ஊதிவிட்டு ஓடுவேன். உலையில் வெறும் தண்ணீர் கொதித்த நாட்களும் உண்டு. யாராவது குடையோடு மேட்டில் ஏறினால் அவர்தானோ என்று இருக்கும். பார்த்தால் சீட்டுக்காரராக இருப்பார், அல்லது சேலை விற்கிற நானாவாக இருப்பார்.

ஐப்பசி பிறந்தது. அவருடைய திவசம் வந்தது. சிவனு வந்து, "அண்ணி, அண்ணனுக்கு ரெண்டு வீட்டுலயும் தனித்தனியாவா படைப்போம்? அண்ணன் வந்தா எந்த எலையில ஒக்காரும்?" என்று கேட்டான். ஆள் வந்துவிட்டால்? இத்தனை மாதம் வராதவர்கள் இன்றைக்குத்தான் வந்துவிட்டால்? புவனா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "வந்தா வரட்டும்! இன்னைக்கு ஒரு நாளைக்கு என்னைத் தடுக்காதீங்க அக்கா, சொல்லிட்டேன்." எனக்கும் முடியவில்லை. அவர் என்னோடு வாழ்ந்ததைவிட அவன் அண்ணனோடு வளர்ந்தது அதிக காலம். சரி என்றேன்.

அன்று புவனா தன் அடுப்பை மூட்டவே இல்லை. தன் அரிசி, தன் பருப்பு, தன் பெரிய சட்டி எல்லாவற்றையும் என் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். என் அடுப்பில் ஒரே சட்டியில் எல்லோருக்கும் சோறு. அவருடைய படத்துக்குச் சாமந்திப் பூவில் மாலை போட்டு, விளக்கேற்றி, தலைவாழை இலை போட்டோம். அவருக்குப் பிடித்த நெத்தலிக் குழம்பு, பருப்பு, வடை. பிள்ளைகள் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு கவிஷா இரண்டாம் தரம் சோறு கேட்டாள். புவனா அவளுக்குக் கரண்டி கரண்டியாகப் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசல் இஸ்தோப்பில் குடை மடக்கும் சத்தம் கேட்டது.

கிராம சேவகர் ஐயாவும் அவரோடு டவுன் ஆபீசிலிருந்து ஒரு சிங்கள மிஸ்ஸும் நின்றிருந்தார்கள். மிஸ்ஸின் சப்பாத்தில் சேறு. எனக்கு விளங்கிவிட்டது. ஒரே சட்டி. ஒரே அடுப்பு. புவனாவின் கையில் கரண்டி, என் பிள்ளை கோப்பையில் அவள் சோறு. போதாததற்கு மிஸ் பக்கத்துக் காம்பராவையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே அடுப்பு குளிர்ந்து கிடந்தது. நான் மனதுக்குள் ஆத்தாவைத் திட்டினேன். சாட்சி சொல்ல வந்த இடத்தில் மறைக்கக்கூடாது, திட்டத்தான் செய்தேன். "வெளங்க வையின்னு கேட்டா, இருக்கிறதையும் கெடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று திட்டினேன்.

"எல்லாம் ஒரே சட்டிதானே?" என்று மிஸ் உடைந்த தமிழில் கேட்டார். சிவனு எழுந்து நின்றான். புவனா தன் பங்குக்கு ஏதோ சொல்ல வாய் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். இனி என்ன இருக்கிறது?

"ஆமா மிஸ். இன்னைக்கு ஒரே சட்டிதான். அவ அரிசிதான். நீங்க எழுதுறத எழுதிக்குங்க. ஆனா இன்னைக்குச் சோத்துல இருந்து புள்ளைங்கள எழுப்ப மாட்டேன்."

மிஸ் கோபப்படவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். "மே கவுத?" என்றார். இவர் யார் என்று கேட்கிறார்.

"என் வீட்டுக்காரரு மிஸ். போன வருஷம் இந்த நாள்தான் செத்தாரு. குளவி கொட்டி. அவருக்குத்தான் இன்னைக்குப் படையல்."

மிஸ் தன் கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கிராம சேவகர் ஐயா பக்கம் திரும்பி, இந்த லயத்தில் கணக்கெடுத்தது எப்போது என்று சிங்களத்தில் கேட்டார். அவர் நெற்றியைத் தடவி யோசித்தார். "போன வருஷம் ஐப்பசி மழையிலதான்" என்று எங்களுக்கும் கேட்கிறாற்போல் தமிழில் சொன்னார். பிறகு திடுக்கிட்டவர்போல என்னைப் பார்த்தார். "கணக்கெடுக்கிற புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு நான்தான் வந்தேன். லயத்து வாசல்ல வெள்ளைக் கொடி கட்டியிருந்துச்சு. ஒங்க வீட்டு இழவுதானா அது?"

"மல கெதர" என்றார் மிஸ். இழவு வீடு. அதற்கு மேல் அவர் சிங்களத்தில் சொன்னது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. இழவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள்தானே, எங்கள் ஊரிலும் அப்படித்தானே என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள் என்றார். பிறகு என்னிடம் தமிழில் கேட்டார். "அந்த நேரம் நீங்க சாப்பிட்டது தம்பி வீட்டு சோறு?"

"ஆமா மிஸ்."

"இங்க சமைக்கிறதான்னு கேட்டா நீங்க என்ன சொல்றது?"

"இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன் மிஸ். உலை ஏத்தக்கூடாதே."

சொன்ன பிறகுதான் எனக்கே அது காதில் விழுந்தது. புவனா வாயைப் பொத்திக்கொண்டாள். சிவனு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கணக்கெடுக்க வந்த பிள்ளைகள் கேட்டது சரி. மூலையில் முக்காடு போட்டிருந்தவள் சொன்னதும் சரி. அவர்கள் எழுதியதும் சரி. யாருமே பொய் சொல்லவில்லை. ஒரு வருஷமாக என் பிள்ளைகள் அரை வயிறாகக் கிடந்தது அப்படித்தான். நான்தான் சொன்னேனா, வாசலில் இருந்த வேறு யாராவது சொன்னார்களா, இன்றைக்கும் தெரியாது. யார் சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மிஸ் என் காம்பராவைச் சுற்றிப் பார்த்தார். என் அரிசி டின்னைத் திறந்து பார்த்தார், அதில் பார்க்க ஒன்றும் இல்லை. எங்கள் இரண்டு வீட்டு விறகையும் பாத்திரங்களையும் பார்த்தார். எழுதிக்கொண்டார். போகும்போது படத்துக்கு முன்னால் நின்று கைகூப்பினார். புவனா வடையைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு வாங்கிக்கொண்டார். "நான் எழுதுறேன். முடிவு மேலே இருந்து வரணும்" என்று மட்டும் சொன்னார். வாக்குக் கொடுக்கவில்லை.

மறுநாள் ராணி வந்தாள். தர்ஷினி பையோடு நின்றாள். பெயர் இன்னும் வரவில்லை. வரும் என்று யாரும் சொல்லவும் இல்லை. எனக்குக் குழப்பம் பழையபடி வந்துவிட்டது. அனுப்புவதா, வேண்டாமா? முந்தானையைத் தடவினேன். முடிச்சில் அந்த வெள்ளைப் பூ காய்ந்து தூளாகியிருந்தது. வெள்ளைக்கு என்ன அர்த்தம் என்று அந்த நிமிஷம் நானே முடிவு செய்துகொண்டேன். "என் புள்ள வரமாட்டா ராணி, நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று பயந்தேன்.

மார்கழியில் எங்கள் பெயர் வந்தது. நான், தர்ஷினி, கவிஷா. தனிக் குடும்பம். முதல் பொதியைத் தலையில் தூக்கிக்கொண்டு மேடு ஏறியபோது எனக்குப் பாரமே தெரியவில்லை. அன்று என் அடுப்பில், என் சட்டியில், என் அரிசியைப் போட்டுப் பருப்பும் நெத்தலியும் சமைத்தேன். முதல் கோப்பையைச் சுவருக்கு மேலால் புவனாவுக்கு நீட்டினேன். "ஐயையோ அக்கா, மிஸ் வந்துறப் போறாங்க!" என்றாள் அவள். இரண்டு பக்கமும் சிரித்துச் சிரித்து அழுதோம்.

என் உடன்பிறப்புகளே, நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த மிஸ் வேறு எந்த நாளில் வந்திருந்தாலும் இரண்டு அடுப்பு எரிவதைப் பார்த்திருப்பார். பொதிக்காகப் புதிதாகப் பிரிந்துவிட்டார்கள் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். நாங்களும் என்ன காரணம் என்று சொல்லத் தெரியாமல் நின்றிருப்போம். எந்த நாளில் வந்துவிடக்கூடாது என்று நான் பயந்தேனோ, அந்த ஒரு நாளில்தான் ஆத்தா அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் கேட்டதும் அதைத்தானே? விளங்க வை என்றேன், விளங்க வைத்தாள். நான் திட்டியதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். ஆத்தாதான் செய்தாளா, தன் படையலைச் சாப்பிட வந்த மனுஷன் அவளிடம் சிபாரிசு சொன்னாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அது எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் நான் முன்னைப்போல எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டும் என்று மல்லுக்கு நிற்பதில்லை. பஜனையில் தாளம் இன்னும் தப்புகிறது. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. உங்களில் யாருக்காவது பெயர் தொலைந்திருந்தால், வழி தெரியாமல் நின்றால், அழகாக வேண்டத் தெரியவில்லையே என்று வராமல் இருந்துவிடாதீர்கள். குழப்பத்தோடு வாருங்கள். சண்டை போடவாவது வாருங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், நான் பார்த்துவிட்டேன்.

ஊருக்கு முன்னால் சொல்வேன் என்ற வாக்கை இந்தத் திருவிழா மலரில் நிறைவேற்றிவிட்டேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நான் அடுப்படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, விளக்கடியில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதுகிறவள் தர்ஷினிதான். பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கிறாள். "அம்மா, இந்த எடத்துல அழாதீங்கம்மா, எழுத்து கோணலாப் போகுது" என்கிறாள்.